எடுத்தவர் பெயர் இருக்கிறது, நின்றவர் பெயர் எங்கே? கிளெர்வோ கோட்டையில் அப்பாவோடு ஒரு மதியம்

லக்சம்பர்க்குக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டவென்று என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. போன கோடையில் அப்பா வந்தபோது அந்தப் பட்டியல் ஒன்றுக்கும் உதவவில்லை. "கோயில், கோட்டையெல்லாம் நம்மூர்ல பாக்காததா? போட்டோ ஏதாவது பாக்கற மாதிரி இருந்தா சொல்லு" என்றார். 37 வருஷம் கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் வேறென்ன கேட்பார்? அப்படித்தான் அப்பா, நான், என் பத்து வயதுப் பையன் மூவரும் நாட்டின் வடக்கே இருக்கும் கிளெர்வோ என்ற சின்ன ஊருக்குப் போனோம். அங்கே கோட்டைக்குள் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கும் 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' (மனிதக் குடும்பம்) என்ற புகைப்படக் கண்காட்சியைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். லக்சம்பர்க் நகரிலிருந்து வடக்கே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து இந்த நாட்டில் பஸ், ரயில், டிராம் எல்லாமே இலவசம். முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு. அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. எட்டல்ப்ரூக் தாண்டும்வரை, "டிக்கெட் எடுக்காம வாரோமேம்மா, நடுவழியில இறக்கி விட்ருவானோ" என்று மூன்று தடவை கேட்டார். எட்டல்ப்ரூக்குக்குப் பிறகு தண்டவாளத்தின் இருபுறமும் காடும் மலையும் நெருங்கி வரும், ரயில் சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்படும். அதன்பின் அவர் பேச்சில்லாமல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் கால் மணி நேர நடை. பள்ளத்தாக்கின் நடுவே ஒரு மேட்டில் வெள்ளையடித்த கோட்டை.

12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை என்பார்கள். ஆனால் நாம் இப்போது பார்ப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுப்பியது. 1944 டிசம்பரில், இந்த மலைக்காட்டுப் பகுதியில் ஆர்டென் சண்டை நடந்தபோது ஜெர்மானியப் படை இந்த ஊருக்குள் நுழைந்தது, கோட்டை எரிந்து போனது. அந்தச் சண்டையின் அமெரிக்க ஷெர்மன் டாங்கி ஒன்று கோட்டைக்கு வெளியே இன்னும் நிற்கிறது. படங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த டாங்கியை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது. ஏன் என்பது பின்னால் வரும்.

கண்காட்சியை உருவாக்கியவர் எட்வர்ட் ஸ்டைகன். 1879இல் லக்சம்பர்க்கின் பிவாஞ்ச் என்ற சின்ன ஊரில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படத் துறைக்குத் தலைவராக இருந்தபோது, உதவியாளர் வெய்ன் மில்லரோடு உட்கார்ந்து லட்சக்கணக்கான படங்களைச் சலித்து 503 படங்களை எடுத்தார். 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள். 1955 ஜனவரியில் நியூயார்க்கில் திறந்தது. பிறகு பிரதிகள் போட்டு உலகம் முழுக்கச் சுற்றியதில் 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 1956இல் பம்பாய் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரிக்கு வந்தது, 1957இல் மதராஸுக்கும் வந்தது. மதராஸ் என்றதும் அப்பா நிமிர்ந்தார். அவருக்கு அப்போது மூன்று வயது. "எங்க ஓனருக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ" என்றார். ஓனர் என்றால் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். இறந்து முப்பது வருஷமாகிறது, இன்றும் ஓனர்தான்.

சுற்றி முடிந்த பிரதிகளில் ஒன்றை ஸ்டைகனின் விருப்பப்படி லக்சம்பர்க்குக்குக் கொடுத்தார்கள். 1994இலிருந்து அது இங்கே நிரந்தரமாக இருக்கிறது. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. நடுவில் சில வருஷம் மூடி, படங்களையும் அறைகளையும் சீர்செய்து 2013 ஜூலையில் மறுபடி திறந்தார்கள்.

இனி உள்ளே.

கண்ணாடி போட்டு, சட்டம் மாட்டி, ஒரே உயரத்தில் வரிசையாகத் தொங்கும் படங்களை எதிர்பார்த்துப் போனால் முதல் அறையிலேயே அந்த எண்ணம் போய்விடும். எல்லாம் மரப் பலகையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள். சட்டமும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. சில உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு, சில சுவர் அளவு. ஒன்று முழங்கால் உயரத்தில் இருக்கும், இன்னொன்றை அண்ணாந்து பார்க்க வேண்டும். காதல், கல்யாணம், பிரசவம், குழந்தை விளையாட்டு, வேலை, சாப்பாடு, பாட்டு, சாவு, வழிபாடு, பசி, ஓட்டுப் போடுவது என்று பொருள்வாரியாகப் போகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பல நாட்டு ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நாம் நடக்க நடக்க அவர்கள் ஒருவர் பின்னாலிருந்து ஒருவராக வெளிப்படுவார்கள். குழந்தைகள் கைகோத்துச் சுற்றி ஆடும் படங்களை வட்டமாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாமும் சுற்றித்தான் வர வேண்டும். பையன் நாலு சுற்று சுற்றினான்.

பெருவில் எடுத்த, புல்லாங்குழல் வாசிக்கும் சிறுவன் ஒருவனின் படம் உண்டு. யூஜின் ஹாரிஸ் எடுத்தது. பாட்டுக்குப் பல்லவி மாதிரி அந்தச் சிரித்த முகம் கண்காட்சியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திரும்பத் திரும்ப வரும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தப் பையனைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் நச்சரிப்பே இருக்காது.

அப்பா பார்த்த விதம் வேறு. அவர் படத்தில் இருக்கிற ஆளைப் பார்க்கும் முன்னால் பிரிண்டைப் பார்த்தார். மூக்கு உரசுமோ என்று பயப்படும் அளவுக்குக் கிட்டே போவார், பின்கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்வார், மறுபடி கிட்டே. "ஒரு மூஞ்சியிலயும் பென்சில் படல பாத்தியா" என்றார்.

பென்சில் என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் நெகட்டிவை லைட் பெட்டி மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் முகத்தில் மெல்லப் புள்ளி வைப்பார்கள். நெகட்டிவில் கரி ஏறும் இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். பரு மறையும், கண்ணுக்குக் கீழே குழி மறையும், நிறமும் கூடும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் "கொஞ்சம் கலரா அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்காத வீடே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்பா அந்த லைட் பெட்டி முன்னால் குனிந்திருப்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரிசல் காட்டு வெயிலில் கறுத்த முகங்களை, தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் முகங்களை, அவர் பென்சில் ஒவ்வொரு புள்ளியாக வெளுத்தது. நானும் கறுப்புதான். பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த என் படத்தில்கூட அந்தப் பென்சில் பட்டிருக்கிறது.

அதனால் நான்கு குடும்பப் படங்களுக்கு முன்னால் அப்பா அசையாமல் நின்றபோது எனக்கு என்னவோ செய்தது. இந்தக் கண்காட்சியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்க நேரமிருந்தால் இங்கே நில்லுங்கள். நான்கும் பெரிய படங்கள், நான்கும் குரூப் போட்டோ. சிசிலியில் விட்டோ ஃபியோரென்ஸா எடுத்தது, ஜப்பானில் கார்ல் மைடன்ஸ் எடுத்தது, பெச்சுவானாலாந்தில், அதாவது இன்றைய போட்ஸ்வானாவில், நாட் ஃபார்ப்மன் எடுத்தது, அமெரிக்காவின் ஓஸார்க் மலைப்பகுதியில் நீனா லீன் எடுத்தது. நான்கிலும் ஆட்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். கண்டம் வேறு, உடுப்பு வேறு, வீடு வேறு. ஆனால் பெரியவர்களை மையமாக வைத்துக் குடும்பம் கூடி நிற்கிற விதத்தை அப்பா ஒரே பார்வையில் படித்துவிட்டார். யார் மூத்தவர், யாருக்கு வீட்டில் செல்லம், யாரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். சரியோ தப்போ தெரியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை நிறுத்தி வைத்து எடுத்தவர் சொல்கிறார், கேட்கத் தோன்றியது.

பெச்சுவானாலாந்துப் படத்தில் அவர் நின்றதற்குக் காரணம் வேறு. "கறுத்த ஒடம்பு, நல்ல வெளிச்சம். கொஞ்சம் அசந்தா ஆள் மையாப் போயிருவான், இல்லன்னா பின்னாடி இருக்கறது சுண்ணாம்பாப் போயிரும். இங்க ரெண்டும் நிக்குது. பிரிண்ட் போட்டவன் கை கை" என்றார். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "இப்படியே போட்டிருக்கலாம். நாமதான் பயந்துட்டோம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான்.

நீனா லீன் படத்தையும் சொல்ல வேண்டும். ஓஸார்க் விவசாயக் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறைகள் வீட்டுக்குள் கூடியிருக்கின்றன. அவர்களுக்குப் பின்னால், சுவரில், ஐந்தாவது தலைமுறை சட்டத்துக்குள் இருக்கிறது. அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. காதுகுத்துக்குக் குரூப் எடுக்க வரும் குடும்பங்கள், இறந்துபோன தாத்தா படத்தைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்து, நடுவிலிருக்கும் ஆச்சி மடியில் வைத்து எடுக்கச் சொல்வார்களாம். "அவரு இல்லாம குரூப் என்ன குரூப்பு? அங்கயும் அப்படித்தான் போல" என்றார். 1948இல் எடுத்த அமெரிக்கப் படத்துக்கும் கோவில்பட்டிக்கும் ஒரு மஞ்சள் பை தூரம்தான் இருந்தது அந்த நிமிஷத்தில். ஸ்டைகன் எதிர்பார்த்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் ஜெயித்த இடம் இது.

தோற்ற இடமும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் அப்பாதான். படத்துக்குப் படம் ஓரத்தில் இருக்கும் சின்னச் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டே வந்தவர், எட்டாவதோ பத்தாவதோ சீட்டில் நின்றார்.

"எடுத்தவன் பேரு இருக்கு, ஊரு இருக்கு. நின்னவன் பேரக் காணோமே?"

உண்மைதான். நாடு, புகைப்படக்காரர், அவர் சார்ந்த நிறுவனம் அல்லது பத்திரிகை. அதோடு முடிந்தது. எந்த வருஷம் எடுத்தது, நிற்பவர் யார், என்ன தொழில், ஒன்றும் இல்லை. ஸ்டைகன் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்; ஆளைத் தனி ஆளாகக் காட்டாமல் மனிதன் என்று காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். டோரதியா லாங்கின் புகழ்பெற்ற 'மைக்ரன்ட் மதர்' (பிழைப்புக்கு ஊர் மாறும் தாய்) படமும் இங்கே இருக்கிறது. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணித் தோட்டக் கூலிகளின் முகாமில் எடுத்தது. கன்னத்தில் கைவைத்த தாய், இருபுறமும் முகம் திருப்பிச் சாய்ந்த குழந்தைகள். அந்த அம்மாவின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் யார் என்பது வெளியே தெரிந்தது 1978இல். 42 வருஷம் உலகத்துக்கே தெரிந்த முகமாக, பெயரில்லாமல், கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். பழங்குடிப் பெண் என்பதும் அந்தப் பெயரோடு சேர்ந்து மறைந்துதான் கிடந்தது. பன்மையைக் காட்டும் கண்காட்சியில் இது சின்ன விஷயமா?

அப்பாவின் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஸ்டுடியோவில் ஒவ்வொரு நெகட்டிவும் தனித்தனிக் காகித உறையில் இருக்கும். உறை மேல் பென்சிலால் பெயர், ஊர், தேதி, நோட்டு நம்பர். நான் ஆறாவது படிக்கும்போது கயத்தாறு பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். மகன் லாரி விபத்தில் போய்விட்டான், மாலை போட ஒரு படமும் இல்லை, எப்போதோ இங்கே லைசென்சுக்கு எடுத்தான் என்றார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று, பையன் பெயர். ராத்திரி முழுக்க அட்டைப் பெட்டிகளை இறக்கி ஏற்றி, காலையில் உறையைக் கையில் வைத்திருந்தார். பெயர் எழுதியிராவிட்டால் அந்தப் படம் இருந்தும் இல்லாததுதான்.

இந்தக் கண்காட்சிமீது பழைய விமர்சனங்கள் பல உண்டு. கண்காட்சி பாரிஸுக்கு வந்தபோது பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் கடுமையாக எழுதினார்: பிறப்பும் சாவும் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டால், ஒருவன் எப்படிப் பிறக்கிறான், எப்படிச் சாகிறான் என்பதிலுள்ள அநியாயம் மறைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் பெற்றோரிடம் கேளுங்கள் என்றார். 1959இல் மாஸ்கோவில் நைஜீரிய மாணவர் ஒருவர், ஆப்பிரிக்கர்களை இழிவாகக் காட்டுகிறது என்று சொல்லிச் சில படங்களைக் கிழித்தே விட்டார். இந்தியா என்ற சீட்டைத் தேடிக்கொண்டு போன எனக்கு அந்த மாணவரின் கோபம் புரிகிறது. வெர்னர் பிஷோஃப் எடுத்த பஞ்சகாலப் படத்தில் நம் ஆட்கள் பசியோடு நிற்கிறார்கள். அதே கூடத்தில் சத்யஜித் ராயின் பெயரைப் பார்த்தபோது சின்ன ஆறுதல், உள்ளேயிருந்து ஒருவர் பார்த்த படமும் இருக்கிறதே என்று. எழுதிப் போட்டிருக்கும் மேற்கோள்களுக்கு நடுவே கபீரின் ஒரு வரியும் வருகிறது, மனித உலகம் சிரிப்பிலும் கண்ணீரிலும் ஆடுகிறது என்று.

பார்த்தின் வாதம் சரி. ஆனாலும் சீட்டில் பெயர்கள் இருந்திருந்தால் அதில் பாதிக்குப் பதில் கிடைத்திருக்கும் என்பது என் கட்சி. குடும்பம் என்று பெயர் வைத்துவிட்டு, எல்லோரையும் அவரவர் பெயரால் கூப்பிடாமல் விட்டது எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் அந்த ஒன்பது முகங்கள். மூன்று பெண்கள், மூன்று ஆண்கள், மூன்று குழந்தைகள். எல்லாம் கிட்டத்தில் எடுத்த முகங்கள், யார் முகத்திலும் சிரிப்பில்லை. கூடவே தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் எச்சரிக்கை: ஹைட்ரஜன் குண்டுப் போர் மனித இனத்தையே முடித்துவிடக்கூடும் என்று. தொடர்ந்து குண்டு வெடிப்பின் படம். நியூயார்க்கில் முதலில் வைத்தபோது அந்த முகங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடியும் இருந்ததாம், பார்க்கிறவர் தன் முகத்தையும் பார்க்கட்டும் என்று. இரண்டு வாரத்தில் ஸ்டைகனே அதை எடுத்துவிட்டார். இதைச் சொன்னதும் பையன், "இப்ப வச்சா என்னம்மா?" என்று கேட்டான். வாசலில் நிற்கும் டாங்கியைப் பார்த்துவிட்டு வந்தவன், எரிந்து மறுபடி கட்டிய கோட்டைக்குள் நின்று அந்தக் குண்டைப் பார்க்கிறான். நியூயார்க்கில் பார்த்தவர்களுக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. ஸ்டைகன் 1966இல் இங்கே நேரில் வந்தார்; இந்தக் கோட்டைதான் சரி என்று அவருக்குப் பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கண்காட்சி முடியும் இடத்தில் யூஜின் ஸ்மித் 1946இல் எடுத்த படம்: அவருடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேர் கைபிடித்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்து போகிறார்கள். ஒகினாவாவில் போர்ப்படம் எடுக்கப் போய்ப் படுகாயப்பட்டவர், பல மாதம் கழித்து முதன்முதலாகக் கேமராவைத் தொட்டு எடுத்தது. எல்லோரும் அங்கே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நல்ல படம்தான், ஆனால் நூறு தடவை அச்சில் பார்த்தாகிவிட்டது; நான் திரும்பி ஓஸார்க் குடும்பத்துக்கே போனேன்.

வெளியே வந்து ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். நடத்துகிறவர் போர்த்துக்கீசிய அம்மா. இந்த நாட்டில் இருப்பவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வெளிநாட்டுக் குடிமக்கள், அதில் போர்த்துக்கீசியர்தான் அதிகம். நானும் அந்தக் கணக்கில்தான் வருகிறேன். பக்கத்து மேசையில் லக்சம்பர்கிஷ், எதிர்மேசையில் பிரெஞ்சு, எங்கள் மேசையில் நெல்லைத் தமிழ். கண்காட்சியின் புத்தகத்தை வாங்கி வந்திருந்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அவர் பையில் இன்றும் பென்சில்தான் இருக்கும். "அந்த அம்மா பேர மறுபடி சொல்லு" என்றார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். 'மைக்ரன்ட் மதர்' பக்கத்தின் கீழ் ஓரத்தில், உறை மேல் எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்தில், தமிழில் எழுதினார்: ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், கலிபோர்னியா, 1936. நோட்டு நம்பருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரமாகப் பார்த்தால் முகங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். குளிர்காலத்தில் சில வாரங்கள் மூடியிருக்கும், வாரத்திலும் எல்லா நாளும் திறப்பதில்லை, அதனால் இணையத்தில் நாள் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகலாம், ஆனால் போரில் இறந்தவர்களின் படங்களும் உண்டு. அதே கோட்டையில் ஆர்டென் சண்டைக்கு ஒரு அருங்காட்சியகமும், லக்சம்பர்க் கோட்டைகளின் மாதிரி வடிவங்களுக்கு இன்னொன்றும் இருக்கின்றன, எங்களுக்கு நேரமில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். குரூப் போட்டோவில் யார் யாருக்கு என்ன உறவு என்று அவர்களுக்குத்தான் பார்த்ததும் தெரிகிறது.